இடது ஒடிப்பில் இரண்டு விரல்

மச்சான்,

அலமாரியிலிருந்து லாரியின் கையேட்டை இழுத்தபோது ஒரு ரப்பர் முடி கீழே விழுந்தது. கறுப்பு. ஒரு விரல் நீளம். புது டயரின் மேல் முள்முள்ளாக நீட்டிக்கொண்டிருக்குமே, அதில் ஒன்று.

பக்க அடையாளமாக நான்தான் வைத்திருந்தேன். மறந்துவிட்டது. எந்தப் பக்கத்தில் இருந்தது என்று தேட வேண்டியிருக்கவில்லை. அந்தக் கையேடு தானாகத் திறந்துகொள்வது ஒரே பக்கத்தில்தான்.

கையேட்டை எடுத்ததற்குக் காரணம் அக்கா. காலையில் போன் செய்தாள். முன்டயர் இரண்டும் தேய்ந்துவிட்டன, மாற்ற வேண்டும், சனிக்கிழமை ஷ்யாமல்-தா கடைக்கு வா என்றாள்.

"நீ வந்து அளவு பாத்துக் குடு. அவரு அளந்த மாதிரி ஆயிரக் கூடாது."

சரி என்றேன். வைத்துவிட்டாள்.

நீங்கள் போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. டெங்கு. ஆறு நாள். அதைப் பற்றி எழுத என்னிடம் வேறெதுவும் இல்லை. டயரைப் பற்றி இருக்கிறது.

*

உங்களை முதலில் பார்த்தது சால்ட் லேக்கில், எங்கள் குவார்ட்டர்ஸில். அக்காவைப் பெண் பார்க்க வந்திருந்தீர்கள். நாமக்கல்லில் சரக்கேற்றிக் கல்கத்தாவில் இறக்கிய கையோடு வந்தது. நாற்காலியில் உட்காரும் முன் கைக்குட்டையை எடுத்து விரித்தீர்கள். பேன்ட்டில் கிரீஸ். அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. அக்காவுக்குப் பிடித்தது.

அந்த வருடம்தான் எனக்கும் அப்பாவுக்கும் படிப்பு விஷயத்தில் தகராறு. அவர் இன்ஜினியரிங் என்றார். அக்கா எனக்காக மூன்று நாள் அவரோடு பேசவில்லை. நான் ஒப்பிலக்கியம் சேர்ந்தேன்.

"ஒப்பிலக்கியம்னா என்ன மாப்ள?" என்று கேட்டீர்கள், கல்யாணம் முடிந்த முதல் வாரத்தில்.

"ரெண்டு புத்தகத்தப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் படிக்கறது."

கொஞ்சம் யோசித்தீர்கள். "ரெண்டு வண்டிய ஒண்ணா நிறுத்தி எது சாயுதுன்னு பாக்கற மாதிரி."

"கிட்டத்தட்ட."

"அப்பப் பரவால்ல. உருப்படியான வேலைதான்."

என் படிப்பைப் பற்றி அதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. அதற்குப் பிறகும் இல்லை.

*

லாரி. பத்துச் சக்கரம். டிரைவர் கேபினுக்குப் பின்னால் கிரேன் பொருத்தியது. கம்பிக் கட்டு, ஜெனரேட்டர், டிரான்ஸ்ஃபார்மர், எதுவானாலும் தானே தூக்கி ஏற்றிக்கொண்டு போய்த் தானே இறக்கும். ஊருக்குப் போய் வருவதை விட்டுவிட்டு அக்காவோடு டாலிகஞ்சிலேயே தங்கிவிட நீங்கள் வாங்கிய வண்டி. நீங்களே ஓட்டினீர்கள்.

அதில் ஒரு சிக்கல். கிரேனின் பாரம் முழுக்க முன்அச்சின் மேல். பின்னால் எட்டுச் சக்கரம் சுமையைப் பங்குபோட்டுக்கொள்ளும். முன்னால் இரண்டே இரண்டு ஒல்லி டயர். தார்ச்சாலையில் தெரியாது. நியூ டவுனைத் தாண்டிப் புதிதாகக் கட்டிடம் எழும்பும் இடங்களில் மழைக்காலத்தில் தெரியும். களிமண்ணைக் கத்தி மாதிரி வெட்டிக்கொண்டு முன்சக்கரம் இறங்கும். பிறகு பொக்லைன் வந்து இழுக்க வேண்டும். வேடிக்கை பார்க்க வேலையாட்கள் செங்கல்லை வைத்துவிட்டு வருவார்கள்.

மூன்று வருடம் முன்பு, ஒரே ஆகஸ்டில் மூன்று முறை புதைந்தது. மூன்றாம் முறை சைட் சூப்பர்வைசர் சொல்லிவிட்டார், இன்னொரு தடவை என்றால் வேறு கிரேன் பார்த்துக்கொள்வதாக. உங்கள் வேலையில் பாதிக்கு மேல் அந்த ஒரு சைட்டில்தான் இருந்தது.

"முன்னால அகல டயர் போட்டா மிதக்கும் மாப்ள. கான்கிரீட் கலக்கற லாரிங்க சிலதுல போட்டிருக்கான். நம்ம அச்சும் அதே அச்சுதான்னு நினைக்கறேன்." இந்தக் கையேட்டின் நகலை என் மேசைமேல் போட்டீர்கள். ஸ்பைரல் கட்டு, இங்கிலீஷ், இருநூறு பக்கத்துக்கு மேல். "படிச்சுச் சொல்லு. போடலாமா, கூடாதா."

நான் படித்தேன். முழுக்க இல்லை. பொருளடக்கத்தைப் பார்த்து, அட்டவணை இருக்கும் பக்கத்துக்குப் போனேன். உங்கள் அச்சின் எண். அதற்கு நேரே இரண்டு டயர் அளவுகள். ஒன்று நீங்கள் ஓட்டிக்கொண்டிருந்த ஒல்லி. இன்னொன்று அகலம். தொண்ணூறு மில்லிமீட்டர் அதிகம்.

"போடலாம் மச்சான். புத்தகத்திலேயே இருக்கு."

அந்த எண்ணின் தலைமேல் ஒரு நட்சத்திரக் குறி இருந்தது. பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில், அதற்கு மூன்று வரி விளக்கம். என் எம்.ஏ. ஆய்வேட்டில் நூற்றுப் பன்னிரண்டு அடிக்குறிப்புகள் இருந்தன. ஒவ்வொன்றையும் ஆசிரியர் படித்தே ஆக வேண்டும் என்று நினைத்தவன் நான். இந்த மூன்று வரியைப் படிக்கவில்லை.

*

விஸ்வகர்மா பூஜைக்கு முந்தின நாள். ஷ்யாமல்-தாவின் டயர் கடையில் கூட்டம். பூஜைக்கு முன் எல்லா வண்டிக்கும் ஏதாவது ஒரு வேலை. உங்கள் லாரி மினிபஸ்ஸுக்கும் சுவருக்கும் நடுவே நேராகச் செருகி நின்றது. சுற்றிலும் மொட்டைமாடிகளில் இப்போதே பட்டம் விட ஆரம்பித்திருந்தார்கள். யாருடைய பட்டமோ அறுந்து கிரேனின் கொக்கியில் மாட்டிக்கொண்டது. நல்ல சகுனம் என்றார் ஷ்யாமல்-தா. அவர் வாயில் வேறு நல்ல வார்த்தை அன்று வரவில்லை.

அகல ரிம்மும் அகல டயரும் உருண்டு வந்தன. சோப்புத் தண்ணீர் தடவி, லிவர் போட்டு நெம்பி ஏற்றினார்கள். டயர் முழுக்க அந்த ரப்பர் முடி. நான் ஒன்றைப் பிய்த்தேன்.

"உடு மாப்ள. புது மாப்பிள்ளை மீசை. ரெண்டு நாள் கெத்தா இருக்கட்டும்."

மாட்டுவதற்கு முன் ஷ்யாமல்-தா குனிந்து பார்த்தார். பழைய டயரின் உள்பக்கத்துக்கும் ஸ்பிரிங் பட்டைக்கும் நடுவே உள்ள இடைவெளியை. தலையை ஆட்டினார். "ஹோபே நா." ஆகாது.

நான் சட்டைப் பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தேன். அதற்காகவே வாங்கியது. அளந்தேன். எண்பது மில்லிமீட்டர். அகலம் கூடுவது தொண்ணூறு, அதில் பாதி வெளியே, பாதி உள்ளே. எண்பதில் நாற்பத்தைந்து போனால் முப்பத்தைந்து மிச்சம். காகிதத்தில் எழுதி அவரிடம் காட்டினேன். வங்காளத்தில் விளக்கினேன். அவர் காகிதத்தைப் பார்க்காமல் உங்களைப் பார்த்தார்.

நீங்கள் டயருக்கும் பட்டைக்கும் நடுவே, அந்த முப்பத்தைந்து மிஞ்சும் இடத்தில், இரண்டு விரலை விட்டுப் பார்த்தீர்கள். எல்லாவற்றையும் அப்படித்தான் அளப்பீர்கள். டயர் இடைவெளி, பெல்ட் தொய்வு, அக்கா போடும் தோசையின் கனம். "ரெண்டு வெரல் போனா வண்டி போகும்."

பிறகு கேட்டீர்கள்: "மாட்டிட்டு ஒருதடவ முழுக்க ஒடிச்சுப் பாத்துருவமா?"

நேராக நிற்கும்போது இருக்கும் இடைவெளி வேறு. ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தால் டயரின் பின்விளிம்பு உள்ளே வரும். அது உங்களுக்குத் தெரியும். ஷ்யாமல்-தாவுக்கும் தெரியும். அங்கே இருந்தவர்களில் எனக்கு மட்டும் தெரியாது. ஒடித்துப் பார்க்க வேண்டுமானால் மினிபஸ்ஸை வெளியே எடுக்க வேண்டும். அதன் ஒரு சக்கரம் கழற்றி வைத்திருந்தது. மழை வேறு பிடித்துக்கொண்டது.

"புத்தகத்திலேயே இருக்கு மச்சான்" என்றேன் மறுபடியும்.

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். விரலைத் துடைத்துக்கொண்டீர்கள். "படிச்சவன் சொல்றான். மாட்டுங்க தாதா."

*

மறுநாள் பூஜை. வண்டிக்கு மாலை, சந்தனம், இரண்டு அகல டயருக்கும் பொட்டு. அக்கா பெருமையாகச் சுற்றி வந்தாள். "இதைக் கண்டுபுடிச்சுச் சொன்னது யாரு?" என்று யாரும் கேட்காமலே கேட்டாள்.

அதற்கு மறுநாள் ஜெனரேட்டர் ஏற்றிக்கொண்டு சைட்டுக்குப் போனோம். அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அகலச் சாலை. எங்கும் முழுக்க ஒடிக்க வேண்டி வரவில்லை. கேபின் முன்பு போலக் குதிக்கவில்லை. "மெத்தை மாப்ள, மெத்தை" என்றீர்கள்.

சைட்டின் கேட் இடதுபக்கம். குறுகல். எப்போதும் ஒரே வீச்சில் நுழைவீர்கள். ஒடித்தீர்கள்.

முதலில் சத்தம். மரத்தை அறுப்பது போல. பிறகு ரப்பர் கருகும் வாடை. நிறுத்தினீர்கள். இறங்கிப் பார்த்தோம். இடது டயரின் பின்விளிம்பு, பட்டையைக் கட்டியிருக்கும் போல்ட்டின் முனையில் கடித்துக்கொண்டிருந்தது. பக்கவாட்டில் உள்ளங்கை நீளத்துக்குக் கிழிசல். உள்ளே இழை தெரிந்தது. மூன்றாம் நாள் டயர். மீசை கூட உதிரவில்லை.

வண்டி பாதி உள்ளே, பாதி சாலையில். பின்னால் கான்கிரீட் லாரிகள் வரிசையாக ஹாரன். அவற்றைப் பின்னுக்கு நகர்த்தாமல் நம்மால் நகர முடியாது. சூப்பர்வைசர் குடையோடு வந்தார். டயரைப் பார்த்தார். மாலையைப் பார்த்தார்.

"மண்ணுலதான் நீ மாட்டுவேன்னு நினைச்சேன். இப்ப ரோட்லயே மாட்டறே. இத்தன வருஷம் ஓட்டறவன், ஒரு டயர் உள்ள அடங்குமான்னு தெரியாதா? ஒரு ஃபிதே கூடவா இல்ல உங்கிட்ட?"

ஃபிதே என்றால் அளவு நாடா. அது என் சட்டைப் பையில் இருந்தது.

"இருந்துச்சு" என்றீர்கள். "நான்தான் நேரா வச்சு அளந்துட்டேன். என் தப்பு."

வேலையாட்கள் சிரித்தார்கள். கான்கிரீட் லாரிக்காரர்கள் இறங்கி வந்து, விஷயம் கேட்டுச் சிரித்தார்கள். நான் மழைக்கு ஒதுங்குகிறவன் போலக் கேபினுக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டேன். பையில் நாடாவின் விளிம்பு நெஞ்சில் குத்திக்கொண்டிருந்தது.

அன்று மாலை கையேட்டை எடுத்து அந்த மூன்று வரியைப் படித்தேன். அகல டயர் போட்டால் ஸ்டீயரிங் ஓர் அளவுக்கு மேல் ஒடியாமல் தடுக்கும் ஸ்டாப்பர் போல்ட்டைத் திருத்தி வைக்க வேண்டும். இருபக்கமும் முழுக்க ஒடித்து இடைவெளி பார்க்க வேண்டும். பாரம் ஏற்றிய நிலையில். அவ்வளவுதான். பிய்த்து வைத்திருந்த அந்த முடியை அங்கே வைத்து மூடினேன்.

*

ஸ்டாப்பர் போல்ட்டைத் திருத்தினார்கள். கிழிந்த டயருக்குப் பதில் வேறு வந்தது. அதன் பிறகு அந்த டயர்கள் எங்கும் உரசவில்லை. களிமண்ணில் மிதந்தன. பத்து நாள் வேறு கிரேனை வைத்துப் பார்த்துவிட்டு, அதுவும் புதைந்ததும், சூப்பர்வைசரே கூப்பிட்டார். உங்கள் யோசனை சரி. அளவுதான் தப்பு.

ஆனால் ஸ்டீயரிங் முன்பு போல முழுக்க ஒடியாது. ஒரே வீச்சில் நுழைந்த கேட்டில் அதன் பிறகு முன்னே ஒன்று, பின்னே ஒன்று, மறுபடி முன்னே. ஒவ்வொரு முறையும் யாராவது குரல் கொடுப்பார்கள்: "ஃபிதே-தா வந்தாச்சு!" நாடா அண்ணன். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. சைட்டில், லாரி நிறுத்தும் யார்டில், டீக்கடையில். வாழ்நாளில் நாடாவைக் கையில் தொடாத மனிதருக்கு.

ஒருநாள் கேட்டேன், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று. யார்டில் உட்கார்ந்து மண்குவளையில் டீ குடித்துக்கொண்டிருந்தோம்.

"எப்படி?"

"உங்க தப்புன்னு."

"என்ற வண்டி. என்ற கை ஒடிச்சுது. வேற யாரு தப்பு?" டீயை ஊதினீர்கள். "ஷ்யாமல்-தாகிட்டயும் சொல்லிட்டேன். உங்கக்காகிட்ட இத இழுக்காத."

"நான் சொல்லிடறேன் மச்சான்."

"சொல்லி? எனக்கு நாளைக்கு நாலு லோடு நல்லா எறக்குனா மறந்துருவாங்க. உனக்கு அவகிட்ட இருக்கறதே அந்தப் படிப்பு ஒண்ணுதான். சும்மா கெட."

அவர்கள் மறக்கவில்லை. மின்மயானத்துக்கு யார்டிலிருந்து பதினைந்து பேர் வந்திருந்தார்கள். வாசலில் ஒருவர் இன்னொருவரிடம் சொன்னார்: "ஃபிதே-தாவுக்கு இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?" கேலி இல்லை. அவருக்குத் தெரிந்த பெயர் அதுதான். நான் கேட்டுக்கொண்டு நின்றேன்.

*

சனிக்கிழமை. ஷ்யாமல்-தாவின் கடை மாறவில்லை. அக்கா எனக்கு முன்பே வந்துவிட்டாள். இப்போது வண்டியை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். ஓட்ட ஆள் வைத்திருக்கிறாள், டீசல், லோடு, சைட் எல்லாம் அவள் பேசுவது. உங்கள் போன் எண்ணையே வைத்திருக்கிறாள். யார்டில் அவளை பௌதி, அண்ணி, என்கிறார்கள்.

அதே கம்பெனி டயர் கிடைக்கவில்லை. அளவு அதேதான், ஆனால் இது கொஞ்சம் புடைப்பு என்றார் ஷ்யாமல்-தா. மறுபடி பார்க்க வேண்டும். நான் சொல்லியிருந்தபடி டிரைவர் கம்பி ஏற்றியே கொண்டுவந்திருந்தார். இந்த முறை பக்கத்தில் மினிபஸ் இல்லை. டயர்களை மாட்டி இறக்கினார்கள்.

அக்கா பையிலிருந்து ஒரு புது நாடாவை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"இந்தா. ஒழுங்கா அள. அவரு நல்லவரு, ஆனா அவசரம். நேரா வச்சு அளந்துட்டு வந்து நின்னாரு. நீ படிச்சவன், பொறுமையாப் பாரு."

நான் நாடாவை வாங்கிக்கொள்ளவில்லை.

"அன்னைக்கு அளந்தது நான்க்கா."

"என்னைக்கு?"

"முதல்ல இந்த அகல டயர் போட்ட அன்னைக்கு. அவரு ஒடிச்சுப் பாக்கலாம்னாரு. ஷ்யாமல்-தா ஆகாதுன்னாரு. நான்தான் புத்தகத்துல இருக்குன்னேன். அந்தப் பக்கத்துலயே கீழ எழுதியிருந்தது. படிக்கல."

அக்கா ஷ்யாமல்-தாவைப் பார்த்தாள். தமிழ் அவருக்குத் தெரியாது. வங்காளத்தில் கேட்டாள், அன்றைக்கு அளந்தது யார் என்று. அவர் கையைத் துணியில் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"இங்க தினம் பத்துப் பேர் அளக்கறாங்க பௌதி. உங்க வீட்டுக்காரர் என்ன சொல்லிட்டுப் போனாரோ, நான் அதையே சொல்லிட்டிருக்கேன்."

அவளுக்கு அது போதும். அடுக்கி வைத்திருந்த பழைய டயர்களின் மேல் உட்கார்ந்தாள். என் படிப்பைப் பற்றி ஏதோ சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அதற்கு மூன்று வருடமாகத் தயாராகவே இருந்தேன்.

"நானும் கூப்பிட்டேன்டா" என்றாள்.

"என்ன?"

"ஃபிதேன்னு. வீட்டுல. தோசைக்கு வெரல வச்சாருன்னா, என்ன ஃபிதே, சரியா இருக்கான்னு கேப்பேன். ஆஸ்பத்திரியில கூட. அஞ்சாம் நாள். சிரிச்சாரு."

சாலையில் பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. டிரைவர் கேபினிலிருந்து எட்டிப் பார்த்து, இப்போது ஒடிக்கவா வேண்டாமா என்று கேட்டார்.

அக்கா முந்தானையால் முகத்தை ஒருமுறை துடைத்தாள். எழுந்தாள். நாடாவை மடக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"இது வேண்டாம். கீழ படு."

"அக்கா?"

"படுறா. இனி ஒவ்வொரு தடவையும் நீதான் படுக்கணும். நான் யார்கிட்டயும் எதையும் மாத்திச் சொல்லப்போறதில்ல. அவரு சொன்னது அப்படியே இருக்கட்டும். ஆனா நீ படு."

படுத்தேன். சட்டை போயிற்று. தரையில் சோப்புத் தண்ணீர், கிரீஸ், யாரோ துப்பிய பான். டிரைவரை இடதுபக்கம் முழுக்க ஒடிக்கச் சொன்னாள். டயர் முனகியபடி திரும்பியது. அதன் பின்விளிம்பு என் முகத்துக்கு மேலே மெதுவாக உள்ளே வந்து, பட்டையின் பக்கத்தில் நின்றது. புது ரப்பர் வாடை. மீசை முழுக்க இருந்தது.

"எவ்வளவுடா?" அக்காவின் செருப்பு மட்டும் தெரிந்தது.

கையை நீட்டினேன். உங்கள் விரல்கள் தடிமன், மச்சான். என்னுடையவை பேனா பிடித்தவை. உங்கள் இரண்டுக்கு என்னுடையது மூன்று வேண்டும்.

மூன்று விரலையும் சேர்த்து உள்ளே விட்டேன். போயிற்று.

"இரு" என்றேன். "வலதுபக்கமும் ஒடிக்கச் சொல்லு."